ஓவர்ஹால் செய்து மாட்டிய எஞ்சினை முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?
பழைய கார் என்றால், சாவியைப் போட்டு நேரடியாக ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள். முதலில் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும் வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். ஏறவில்லையா, அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

தட்டை டேப்பட் (உருளை இல்லாமல் கேம் மீது நேரடியாக உரசும் வகை) உள்ள எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புதிது என்றால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடவே கூடாது. பிளாக்கில் இருக்கும் கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான் கிடைக்கிறது. வேகம் குறைந்தால் கேமின் மேடு (லோப்) தேய்ந்துவிடும். உடனே 2000 ஆர்பிஎம் ஏற்றி, சற்றுக் கூட்டிக் குறைத்து, 20 நிமிடம் ஓட விடுங்கள். தேய்மானத்தைக் குறைக்கும் ஜிங்க் அதிகமுள்ள ஆயில் அவசியம். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), கூலன்ட் எல்லாம் முன்பே சரியாக இருக்கட்டும்.

பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள்: நுண்ணிய பளபளப்பு சகஜம், உலோகத் துண்டுகள் தெரிந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.