ஹாகிஸ்: ஈரல்குலையும் ஓட்ஸ் நொய்யும் – கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் குடியிருந்து, அங்குள்ள கசாப்புக் கடைக்காரர்களிடம் கேட்டும் வீட்டு அடுப்பில் சமைத்தும் தெரிந்துகொண்டவற்றை வைத்து, ஹாகிஸ் என்ற ஸ்காட்லாந்து உணவைப் பற்றி நம் குழு உறுப்பினர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: ஹாகிஸ் என்பது ஸ்காட்லாந்து மலைகளில் திரியும் ஒரு விலங்கு என்கிறார் நண்பர். உண்மையா?

இல்லை. ஊரார் வேடிக்கையாகக் கட்டிய கதை அது. மலைச்சரிவில் ஓடுவதற்கு வசதியாக ஒரு பக்கக் கால்கள் குட்டையாக இருக்குமாம். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் மூன்றையும் பொடியாக நறுக்கி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு, உப்பு சேர்த்து இரைப்பையில் அடைத்து வேகவைப்பதுதான் ஹாகிஸ்.

கே: அக்கா, அந்தக் காலத்தில் வீட்டில் எப்படிச் செய்தார்கள்? விவரமாகச் சொல்லுங்கள்.

ஆடு அறுத்த அன்றே தொடங்கும் வேலை இது. உள்ளுறுப்புகள்தான் முதலில் கெடும். உப்புக்கண்டம் போட அவை தோதுப்படா. அன்றைக்கே வேகவைத்து, கையில் இருக்கும் தானியத்தோடு சேர்த்துவிட்டால் ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிடலாம். ஈரமும் குளிருமான அந்த மண்ணில் கோதுமையைவிட ஓட்ஸ்தான் நம்பி விதைக்கக்கூடிய பயிர். எனவே ஓட்ஸ்.

இரைப்பையைக் கழுவிச் சுரண்டி, இரவெல்லாம் உப்புநீரில் ஊறப்போடுவார்கள். ஈரல்குலையை (ஈரல், இதயம், நுரையீரல் மூன்றும் சேர்ந்த கொத்து) மூச்சுக்குழாயோடு சேர்த்தே பானையில் போட்டு, குழாயின் நுனியை மட்டும் பானை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுவார்கள். அதன் கீழே ஒரு கிண்ணம். வேக வேக, நுரையீரலில் இருக்கும் சளியும் நுரையும் அந்தக் குழாய் வழியாக வடிந்து கிண்ணத்தில் விழும். பழைய சமையல் குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வடிகட்டியும் இயந்திரமும் இல்லாத ஒரு சமையலறை, ஆட்டின் உடலமைப்பையே கருவியாக்கிக்கொண்டிருக்கிறது!

வெந்ததும் இதயத்தையும் நுரையீரலையும் நறுக்குவார்கள், ஈரலைத் துருவுவார்கள். ஓட்ஸைப் பொன்னிறமாக வறுத்துச் சேர்த்து, வேகவைத்த நீரையே ஊற்றிப் பிசைவார்கள். இரைப்பையைப் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்ப வேண்டும். ஓட்ஸ் ஊதும், இடம் விடாவிட்டால் வெடித்துவிடும். காற்றை அழுத்தி வெளியேற்றித் தைத்து, கொதிநீரில் உப்பி வரும்போது ஊசியால் குத்திவிட்டு, மூன்று மணி நேரம் வேகவிடுவார்கள்.

கே: இன்றும் இரைப்பையில்தான் அடைக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. மாட்டுக் குடலோ செயற்கை உறையோதான். எனக்கு இதில் வருத்தமில்லை. உறையை யாரும் தின்பதில்லை. உள்ளே இருப்பதுதான் முக்கியம். அங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஓட்ஸை நொய்யாக உடைத்துப் போட வேண்டும். தட்டையாக்கிய அவல் ஓட்ஸ் போட்டால் கூழாகிவிடும்.

கே: பரம்பரையாகச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் கசாப்புக் கடைக்காரர்கள் தங்கள் மசாலா அளவை வெளியே சொல்லாமல் காத்து வருகிறார்கள். கசாப்புக் கடைக்காரர்களின் சங்கம் ஹாகிஸுக்கென்றே போட்டி நடத்துகிறது.

அதிகம் பேசப்படுவது மக்ஸ்வீன் குடும்பம். சார்லி மக்ஸ்வீன் 1953-ல் எடின்பரோவின் புரண்ட்ஸ்ஃபீல்டில் கடை திறந்தார். அவருக்குப் பின் மகன் ஜான். பிறகு பேரப்பிள்ளைகள் ஜோவும் ஜேம்ஸும். 1996-ல் நகருக்குத் தெற்கே லோன்ஹெட்டில் ஹாகிஸுக்கென்றே தொழிற்சாலை கட்டினார்கள். தொழிற்சாலை வந்தால் கைப்பக்குவம் போய்விடும் என்பார்கள். என் கருத்து வேறு. கடைத்தெருவில் கசாப்புக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்த காலத்தில், அவர்கள் அப்படி வளர்ந்திருக்காவிட்டால் இந்த உணவு பல வீடுகளின் மேசையிலிருந்தே மறைந்திருக்கும்.

கே: சைவ ஹாகிஸ் என்று விற்கிறார்களே, அது ஏமாற்று இல்லையா?

ஜான் மக்ஸ்வீன்தான் 1984-ல், எடின்பரோவில் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் திறக்கப்பட்டபோது, விருந்தினருக்காக அதைச் செய்தார். பீன்ஸ், பருப்பு, காய்கறி, விதைகள், ஓட்ஸ். பரம்பரைக் கசாப்புக்காரர் ஒருவரே செய்தது என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஓட்ஸும் மிளகும் சரியாக அமைந்தால் ஹாகிஸின் பாதிச் சுவை வந்துவிடுகிறது.

கே: இது உண்மையில் இங்கிலாந்து உணவு என்று படித்தேன்.

எழுத்துச் சான்றைப் பார்த்தால் அந்த வாதத்தில் பொருள் உண்டு. 1430-ஐ ஒட்டிய, வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிச் சமையல் சுவடியில் இதன் குறிப்பு இருக்கிறது. ஆனால் ஆட்டை அறுத்து உள்ளுறுப்பை அதன் வயிற்றிலேயே அடைப்பது பல நாட்டு மேய்ப்பர்களுக்கும் தோன்றிய வழி. தெற்கே இங்கிலாந்தில் வழக்கொழிந்த பிறகும் அதைச் சமைத்துக்கொண்டே இருந்தவர்கள் ஸ்காட்லாந்து மக்கள். உரிமை அவர்களுக்குத்தான்.

கே: கவிஞர் பர்ன்ஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஸ்காட்லாந்தின் தேசியக் கவி ராபர்ட் பர்ன்ஸ் 1786-ல் ஹாகிஸை விளித்து ஒரு கவிதை எழுதினார். அந்நிய நாட்டுப் பகட்டு உணவுகளுக்கு எதிரில் ஏழை உழவனின் உணவை உயர்த்திப் பாடுகிறது அது. அவர் இறந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1801-ல் நண்பர்கள் அவர் பிறந்த ஆலோவே வீட்டில் கூடி ஹாகிஸ் உண்டார்கள். இன்று அவருடைய பிறந்தநாளான ஜனவரி 25 அன்று பேக்பைப் (தோல்பை ஊதுகுழல்) இசையோடு ஹாகிஸைத் தட்டில் ஏந்தி வருகிறார்கள். கவிதையில் கத்தி வரும் வரியில் உறையைக் கீறுவார்கள். பிளவு விரியும், மிளகு மணத்தோடு ஆவி எழும், உள்ளிருப்பது தானாகவே வெளியே சரியும்.

கே: அமெரிக்காவில் ஏன் கிடைப்பதில்லை?

நுரையீரலால். வெட்டும்போது இரைப்பையில் உள்ளது அதற்குள் போய்விடக்கூடும் என்று, 1971-ல் நுரையீரலை மனித உணவாக விற்கத் தடை விதித்தார்கள். அதில்லாமல் செய்வதும் உண்டு; ஆனால் ஹாகிஸின் மென்மைக்கு நுரையீரல் தேவை என்பேன்.

கே: அண்மையில் லண்டன் வந்தேன். கடையில் ஒன்று வாங்கிவிட்டேன். எப்படிச் சமைப்பது?

கடையில் விற்பது ஏற்கெனவே வெந்தது, சூடாக்கினால் போதும். அலுமினியத் தாளில் சுற்றி, தட்டில் சிறிது நீர் ஊற்றி, 180 டிகிரி செல்சியஸ் ஓவனில் வையுங்கள். அரைக் கிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நீரில் இட்டால் தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், உறை கிழியும். மசித்த உருளைக்கிழங்கும் மசித்த ஸ்வீடும் (swede; ஸ்காட்லாந்தில் டர்னிப் என்பது இதைத்தான்) பக்கத்தில் வையுங்கள். மீந்ததை மறுநாள் துண்டு போட்டு, ஓரம் மொறுமொறுப்பாகும்வரை தோசைக்கல்லில் வாட்டி முட்டையோடு சாப்பிடுங்கள். கடலைமாவில் தோய்த்துப் பக்கோடாவாகவும் பொரிக்கலாம். ஸ்காட்லாந்தின் இந்திய உணவகங்களில் அது நன்றாகவே விற்கிறது.