போர்டு வைத்தால் மட்டும் வருவார்களா?

கேள்வி: எண்ணூர் கழிமுகத்தில் நண்பர்களோடு சிறிய துடுப்புப் படகு சங்கம் நடத்துகிறோம். தினமும் காலை ஐந்தரைக்குப் பயிற்சி. வருபவர்கள் எல்லாம் ஐ.டி. வேலையில் இருக்கும் ஆண்கள்தான். 'அனைவரும் வரலாம்' என்று போர்டு வைத்தும் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகளோ, பெண்களோ, மாற்றுத்திறனாளிகளோ எட்டிப் பார்ப்பதில்லை. என்ன செய்வது?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஐந்தரை மணியா, தம்பி? காசிமேட்டில் மீன் எடுக்கப் போகும் பெண்கள் அந்நேரம் பாதி வேலையை முடித்திருப்பார்கள். வீட்டில் தண்ணீர் பிடித்து, அடுப்பு பற்றவைத்து, தம்பி தங்கையைக் கிளப்புவது மூத்த மகள். அவள் எப்படி வருவாள்? மாலையிலும் ஒரு வேளை வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. புதியவர்களுக்கான முகாமை அப்போது போடுங்கள்.

நீச்சல் தெரிந்தால்தான் சேர்ப்போம் என்கிறீர்களா? பாதுகாப்பு விஷயத்தில் தளர்வு வேண்டாம். ஆனால் கடலோரத்தில் பிறந்தால் நீச்சல் தானாக வந்துவிடும் என்பது வெளியாட்கள் நினைப்பு; பெண் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. முதல் மாதம் சங்கமே நீச்சல் கற்றுத்தரட்டும். அதுவரை கரையில், உட்கார்ந்தபடியே துடுப்பு போட்டுப் பழகும் மெஷினில் பழகலாம். நாசிக் மாவட்டத்தின் வறண்ட ஊர் ஒன்றிலிருந்து ராணுவத்துக்குப் போன தத்து போகனல், அங்கேதான் துடுப்பு பிடிக்கக் கற்றார். 2016 ரியோ ஒலிம்பிக் துடுப்புப் படகுப் போட்டியில் 13-ஆவது வந்தார்.

அந்த மெஷினையும் கேட்டுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். நம் பக்கத்தில் கேரம் வளர்ந்தது எப்படி? தெருவில் பலகை போட்டிருந்தால் போகிற வருகிற பிள்ளை நின்று வேடிக்கை பார்க்கலாம், அப்புறம் ஒரு கை ஆடிப் பார்க்கலாம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண்தானே!

மாற்றுத்திறனாளிகளுக்கான துடுப்புப் போட்டி 2008-லிருந்தே பாராலிம்பிக்கில் இருக்கிறது. உங்கள் படகுத்துறையில் சேற்றில் இறங்கித்தான் படகேற வேண்டுமென்றால், முதல் செலவு கைப்பிடி வைத்த சாய்தளம். முழங்கால் வலிக்காரர்களுக்கும் உதவும்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வேறு. நீங்கள் படகு விடுவது பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் வலை போடும் தண்ணீர். அனல்மின் நிலையச் சாம்பல் கழிவைப் பார்த்தார்கள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்ததைப் பார்த்தார்கள், கழிமுகத்தில் வந்து சேரும் கொசஸ்தலை ஆற்றுக்காக இன்றும் போராடுகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு நீங்கள் அங்கே விளையாட வந்த புது ஆட்கள். 'சேர வாருங்கள்' என்று அழைக்கும் முன்னால் ஊர் பஞ்சாயத்தில் போய் உட்காருங்கள். எங்கே வலை கட்டுகிறார்கள், எந்த நேரம் படகு விடக்கூடாது என்று கேளுங்கள். நீரோட்டம் தெரிந்த பெரியவர் ஒருவரைச் சம்பளத்துக்குப் பயிற்சியில் வையுங்கள். இலவசமாக வேலை வாங்காதீர்கள். கமிட்டியில் அந்த ஊர்க்காரர் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவராவது பெண். சந்தா எவ்வளவு என்று முடிவுசெய்யும் கூட்டத்துக்கே அவர்களைக் கூப்பிடுங்கள்.