வாசகர் கேள்வி பதில்: 20 வருடம் கழித்து மறுபடியும் சைக்கிள்

கேள்வி: எனக்கு வயது 47. கல்லூரி நாட்களில் தினமும் அம்பத்தூரிலிருந்து கிண்டிக்கு சைக்கிளில் போய் வந்தவன், அதன் பிறகு 20 வருடமாகத் தொடவே இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்குப் பணம் திரட்ட, எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் ஜனவரியில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு 150 கிலோமீட்டர் ஓட்டப் போகிறார்கள். நானும் பேர் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் போதுமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: போதும். ஆனால் சைக்கிளைத் துடைப்பதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். இதயத்துக்கு ட்ரெட்மில் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள், மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்து குறைவு, கிளிமெபிரைடு வகை என்றால் மணிக்கணக்கில் மிதிக்கும்போது நிஜமாகவே இறங்கும். அன்றைக்கு மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கூட ஓட்டும் நண்பர் இல்லை.

அப்புறம், 20 வருடத்துக்கு முந்தைய உங்களை மறந்துவிடுங்கள். திரும்ப வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சைக்கிள் ஓட்டுவது மறக்காது, மூச்சும் ஒரு மாதத்தில் ஓரளவு வந்துவிடும். ஆனால் உட்காரும் இடம், கழுத்து, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் மெதுவாகத்தான் பழகும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 10, 15 கிலோமீட்டர் போதும், பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்தில். பிறகு வாரத்தில் இரண்டு நாள் குட்டிப் பயணம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட பயணம். அந்த ஞாயிறு தூரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்: திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு போய்த் திரும்பினால் சுமார் 45, மாமல்லபுரம் என்றால் 90க்கு மேல். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு 100, 110 ஓட்டிவிட்டால் மீதி தூரத்தை அன்றைய உற்சாகமும் கூட்டமும் பார்த்துக்கொள்ளும், 150ஐயும் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. உங்கள் பயிற்சிக் காலம் முழுக்க மழைக்காலம் என்பதால் ஒன்றிரண்டு ஞாயிறு வீணாகும், அதையும் கணக்கில் வையுங்கள். கடைசி வாரம் ஓய்வு, பெயருக்கு இரண்டு சின்னச் சுற்று.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், தெற்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், கால் ஓடாது. அதை வைத்து ‘நமக்கு முடியாது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கியரைக் குறைத்து, நிமிடத்துக்கு 80 சுற்று போலக் காலை லேசாகச் சுழற்றுங்கள். கனமான கியரை அழுத்தி மிதித்தால் முழங்கால்தான் போகும்.

சாப்பாடு. இதை எவ்வளவு சொன்னாலும் தகும். நான் 44 வயதில் திரும்ப ஓட்ட ஆரம்பித்தபோது, பசிக்கவில்லை என்று ஒன்றும் சாப்பிடாமல் பாதி வழிக்கு மேல், கடப்பாக்கம் வரை போய்விட்டேன். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கடலை மிட்டாய் உறையைப் பிரிக்கப் பார்க்கிறேன், விரல் நடுங்குகிறது, பிரிக்க முடியவில்லை. கடைக்கார அம்மா வாங்கிப் பிரித்துக் கொடுத்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன். அதனால் பசிக்கு முன்னாலேயே சாப்பிடுங்கள்: அரை மணிக்கு ஒருமுறை அரை வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், இப்படி ஏதாவது கொஞ்சம். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், குளுக்கோஸ் பொடியும் சட்டைப்பையில் இருக்கட்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்க வேண்டாம், வியர்வையில் உப்பும் போகிறது. ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைத்து வையுங்கள்.

நேரக்கணக்கு: மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் மிதிக்கவே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் பத்து. விடியுமுன் கிளம்பினால்தான் மரக்காணம் உப்பளங்களின் நிழலில்லாத சாலையை உச்சி வெயிலுக்கு முன்னால் தாண்டலாம். பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட். இந்த இரண்டும் இல்லாதவரை அந்தச் சாலையில் யாருமே கூட்டிப் போகக் கூடாது.

கேள்வி: அதே மாதிரி ஒரு பயணத்துக்குத்தான் நானும் தயாராகிறேன். 25 கிலோமீட்டர் தாண்டியதும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, உட்காரவும் முடியவில்லை. மெத்தென்ற ஜெல் சீட் கவர் வாங்கட்டுமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: வேண்டாம். நீண்ட தூரத்தில் மெத்தை அமுங்கி இன்னும் அதிகம் உராயும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், பின்பக்கம் என்றால் உயரமாக. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள், பெடலைக் கீழே கொண்டு வந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சரியான உயரம். அரை அரை சென்டிமீட்டராக மாற்றிப் பாருங்கள். பெண்களுக்கான அகலமான சீட், பேட் வைத்த ஷார்ட்ஸ் இரண்டுக்கும் செலவு செய்யுங்கள். அந்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது, தையல்தான் தோலைக் கிழிக்கும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

கேள்வி: நான் சைக்கிள் ஓட்டுவதற்காக மற்றவர்களிடம் நன்கொடை கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
- வாசகர், தாம்பரம்

பதில்: உங்களுக்காகக் கேட்கவில்லையே. யாருக்குப் போகிறது, எந்தக் கணக்குக்குப் போகிறது என்று முதல் வரியிலேயே எழுதி அனுப்புங்கள். பணம் உங்கள் கைக்கு வராமல் நேராக அந்த அமைப்பின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், ரசீதும் அங்கிருந்தே வரட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் கிடையாது, அதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் சாப்பாடு, அறை, சைக்கிள் ரிப்பேர் செலவை மட்டும் அந்தப் பணத்திலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.