எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம் செயின்கள் நொடித்துப் போவதற்கு ஆன்லைன் விற்பனைதான் காரணமா?

இல்லை. அது முதலாளிகளுக்கு வசதியான சாக்கு. அடியோடு பொய் என்றும் சொல்ல மாட்டேன். 2014 அக்டோபரில் ஃப்ளிப்கார்ட் ‘பிக் பில்லியன் டே’ நடத்திய பிறகு, எங்கள் கடைக்கு வந்து டிவியின் மாடல் நம்பரை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் ஏராளம். அதில் சிலர் பிறகு வால் மவுண்ட் கேட்டு வந்தார்கள், அதுவும் ஓசியில். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கடையை மூட வைத்தது அவர்கள் இல்லை.

நான் ஊட்டியில் அப்படி ஒரு செயினின் கிளையில் இன்சார்ஜாக இருந்தவன். பெயர் வேண்டாம். தலைமை அலுவலகம் கீழே சமவெளியில். மார்ச் பிறந்தால் மற்ற ஊர்களுக்குப் போகும் அதே ஏசி டார்கெட் எங்களுக்கும் வரும். 2,240 மீட்டர் உயரத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏர்கூலர் பேனர் கட்டியிருக்கிறேன். ஊட்டியில் ஓடுவது கீசர், ரூம் ஹீட்டர், ஸ்டெபிலைசர், அப்புறம் ஜூன், ஜூலையில் துணி காயாமல் நாறும்போது நல்ல டிரையர் உள்ள வாஷிங் மெஷின். ஆடித் தள்ளுபடி எங்களுக்குக் கொட்டும் மழையில் வரும், ஈ ஓட்டுவோம். இங்கே காசு புரள்வது பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்கும்போது, மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் ஏறும்போது, இங்குள்ள படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன்னால். இதை எத்தனை தடவை மெயில் போட்டும் ஏரியா மேனேஜர் சொன்ன பதில் ஒன்றுதான்: “எல்லா பிராஞ்சுக்கும் ஒரே பிளான் சார்.”

சரி, இதனால் ஒரு கிளை நஷ்டப்படும், செயினே சாகாது. செயினைச் சாகடித்தது அடுத்தவன் காசு.

டிவி, கீசர் தயாரிக்கும் கம்பெனிகள் சரக்கை 30 நாள், 45 நாள் கடனுக்குத் தரும். நாம் வாடிக்கையாளரிடம் அன்றைக்கே காசு வாங்கிவிடுகிறோம். இடையில் கல்லாவில் நிற்கும் பணம் லாபம் அல்ல, கட்டவேண்டிய பாக்கி. எங்கள் முதலாளி அதை எடுத்துப் புதுக் கிளை திறந்தார், நடிகையைக் கூட்டி வந்து ரிப்பன் வெட்டினார். அந்தக் கிளையின் வசூல் பழைய பாக்கிக்குப் போனது. எக்ஸ்டெண்டட் வாரண்டியும், அதாவது கூடுதல் காசுக்கு நீட்டித்துத் தரும் வாரண்டியும், இதே கதைதான். பணம் இன்றைக்கு வரும். செலவு, கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு வரும். அந்தப் பணத்தையும் யாரும் தனியாக எடுத்து வைக்கவில்லை.

இது உள்ளே இருப்பவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். முதலில் பிராண்டு புரமோட்டர்கள் காணாமல் போவார்கள். அவர்களுக்குச் சம்பளம் கம்பெனி தருவதால், கம்பெனி நம்பிக்கை இழந்ததும் ஆளை எடுத்துவிடும். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் ‘காசு வந்தால்தான் வண்டி மலையேறும்’ என்பார். ஷெல்ஃபில் டிஸ்ப்ளே பீஸ் இருக்கும், குடோனில் பெட்டி இருக்காது. எங்களிடம் ஓடிக்கொண்டிருந்த கீசர்களைத் தீபாவளிக்கு முன்னால் ஸ்டாக் டிரான்ஸ்பர் என்று கோவைக்கு ஏற்றினார்கள். குளிர் தொடங்கும் நேரத்தில், ஊட்டியிலிருந்து கீசர்!

கடைசியில் ஆட்கள். எங்கள் கடையில் முதலில் வெளியே போனவர், எந்த ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், சாயங்காலம் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்று விரல்நுனியில் வைத்திருந்த அண்ணன். காரணம், சம்பளம் அதிகமாம். அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற எலக்ட்ரானிக்ஸ் செயினும் இதையேதான் செய்தது: 2007 மார்ச்சில் சம்பளம் அதிகம் என்று 3,400 விற்பனையாளர்களை வெளியேற்றியது, 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்தது, 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் மூடியது. அதே ஆன்லைன் போட்டியில் அங்குள்ள இன்னொரு செயினான பெஸ்ட் பை இன்னும் நிற்கிறது. 2012-ல் அங்கே தலைமைக்கு வந்த ஹூபர்ட் ஜோலி ஆன்லைன் விலையைக் கடையிலேயே கொடுக்க வைத்தார், ஊழியர்களுக்கு நிறுத்தியிருந்த தள்ளுபடியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்கள் என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். உங்கள் ஊர் ஷோரூமில் ஒரு நாற்காலி காட்டுங்கள். ஜனவரி உறைபனியில் டைல்ஸ் தரையில் பத்து மணி நேரம் நின்ற காலுக்கு இன்னும் நான் தைலம் தேய்க்கிறேன். ஒரு கஸ்டமரும் இதைப் பற்றிக் கேட்டதில்லை. ‘ஏம்பா, ஏசி இல்லாமலே குளுகுளுன்னு இருக்கிற கடையில் உனக்கென்ன கஷ்டம்’ என்றவர்தான் உண்டு.

‘வாரண்டியை விற்றது நீதானே’ என்று கமெண்டில் வருவீர்கள். விற்றேன். டார்கெட் இருந்தது, செயினின் கணக்குப் புத்தகத்தை இன்சார்ஜுக்கு யாரும் காட்டுவதில்லை. கடை மூடிய பிறகு என் சொந்த நம்பருக்கு வந்த அழைப்புகளை எடுத்துப் பதில் சொன்னதும் நான்தான். முதலாளி நம்பரை மாற்றிவிட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர் கையில் அப்படி ஒரு வாரண்டி பில் இருக்கும் என்றே நினைக்கிறேன். தயாரிப்பு நிறுவனத்தின் வாரண்டிக்குக் கடை மூடியதால் ஒன்றும் ஆகாது, நேராக அவர்கள் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். நீட்டித்த வாரண்டி என்றால் அதைக் கொடுத்தது கடையா, பிராண்டா, வேறு நிறுவனமா என்று பில்லில் பாருங்கள். கடைதான் என்றால், அது திவால் நடவடிக்கைக்குள் போயிருக்கிறதா என்று விசாரியுங்கள். போயிருந்தால் பத்திரிகை அறிவிப்பில் சொல்லும் தேதிக்குள் கிளெய்ம் அனுப்ப வேண்டும். போகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்துவையுங்கள். பில் தெர்மல் தாளில் இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், எழுத்து மங்கிவிடும்.