இர்ஸ்ஸி போன்ற அரட்டைச் செயலிக்கு நாமே பெர்ல் மொழியில் ஸ்கிரிப்ட் எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். பெரிய வேலையும் இல்லை. "பெர்ல் கொஞ்சம் தெரியும், ரெகெக்ஸ் எழுதுவேன், ஆனால் இர்ஸ்ஸிக்குள் அதை எப்படிப் புகுத்துவது என்று பிடிபடவில்லை" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு பெர்லும், எழுத்தில் வடிவம் தேடும் ரெகெக்ஸும் தாராளம். நான் தொடங்கியபோது அதைவிடக் குறைவாகத்தான் தெரியும். என்னைப் படுத்தி எடுத்தவை வேறு இரண்டு விஷயங்கள். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

இர்ஸ்ஸியைப் பார்த்திராதவர்களுக்கு: டெர்மினலில் எழுத்தாக மட்டும் ஓடும் ஐ.ஆர்.சி செயலி அது. ஐ.ஆர்.சி என்பது சேனல் என்ற அறைகளில் கூடி எழுத்தால் அரட்டை அடிக்கும் பழைய இணைய முறை. ஐ.ஆர்.சி பிறந்தது 1988-ல், ஃபின்லாந்தில், ஓலு பல்கலைக்கழகத்தில். இர்ஸ்ஸியும் அதே நாட்டுச் சரக்குதான். டிமோ சிராய்னென் 1999-ல் வெளியிட்டார். பின்னாளில் டவ்காட் என்ற மெயில் சர்வரை எழுதியவரும் அவரே. செயலி முழுக்க சி மொழியில் எழுதப்பட்டது. அதன் வயிற்றுக்குள் ஒரு பெர்ல் இன்டர்பிரட்டர் உட்கார்ந்திருக்கிறது. நாம் எழுதும் ஸ்கிரிப்ட் தனி நிரலாக ஓடுவதில்லை, இர்ஸ்ஸியின் ப்ராசஸுக்குள்ளேயே ஓடுகிறது. இதை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பிற்பாடு நான் பட்ட பாடெல்லாம் இதை மறந்ததால் வந்தவை.

என் கதை இப்படித் தொடங்கியது. நான் வேலை பார்த்த இடத்தில் உள்ளுக்குள் ஒரு ஐ.ஆர்.சி சர்வர் இருந்தது. அதில் ஒரு சேனலில், எந்த மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பாட் (தானியங்கி நிரல்) ஓயாமல் புலம்பிக்கொண்டே இருக்கும். இருநூற்றுச் சொச்சம் மெஷின்கள். அதில் என் பொறுப்பு ஆறு. இரவு ஷிஃப்டில் அந்த ஆறைத் தேடிக் கண் பூத்துப்போகும். ஆறின் பெயர் வரும் வரிகளை மட்டும் தனி விண்டோவில் போட்டுக்காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இர்ஸ்ஸியில் எல்லாமே சிக்னல். சேனலில் யாராவது ஒரு வரி எழுதினால் 'மெசேஜ் பப்ளிக்' என்று ஒரு சிக்னல் கிளம்பும். தனிச் செய்திக்கு 'மெசேஜ் பிரைவேட்'. நாம் என்டர் தட்டும்போது 'சென்ட் டெக்ஸ்ட்'. நம் ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது, "இந்தச் சிக்னல் வந்தால் என் சப்ரூட்டீனைக் கூப்பிடு" என்று சொல்லி வைப்பது மட்டுமே. அதற்கான ஃபங்ஷன் 'சிக்னல் ஆட்'. (பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது ஃபங்ஷன் பெயர்களில் மட்டும் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.) 'மெசேஜ் பப்ளிக்' வந்தால் உங்கள் சப்ரூட்டீனுக்கு ஐந்து பொருள்கள் வரிசையாக வரும்: சர்வர், செய்தி, எழுதியவரின் நிக் (புனைபெயர்), அவர் முகவரி, சேனல் பெயர்.

என் முதல் ஸ்கிரிப்ட்டில் இருந்தவை இவைதாம். மேலே இர்ஸ்ஸி மாட்யூலை அழைக்கும் ஒரு வரி. அப்புறம் ஸ்கிரிப்ட்டின் பெயர், எழுதியவர், உரிமம் எல்லாம் சொல்லும் ஒரு ஹேஷ். அப்புறம் சப்ரூட்டீன்: நிக் அந்தப் பாட்டினுடையதா என்று பார், இல்லையென்றால் திரும்பிப் போ, செய்தியில் என் மெஷின் பெயர் இருக்கிறதா என்று ரெகெக்ஸால் பார், இருந்தால் 'விண்டோ ஃபைண்ட் நேம்' கொண்டு என் தனி விண்டோவைப் பிடித்து, அதில் அச்சிடு. கடைசி வரியில் 'சிக்னல் ஆட்'. மொத்தம் பதினெட்டு வரி. ஹோம் டைரக்டரியில் புள்ளியோடு தொடங்கும் இர்ஸ்ஸி ஃபோல்டருக்குள் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் போட்டேன். செயலியில் ஸ்லாஷ் போட்டு 'ஸ்கிரிப்ட் லோட்' என்றதும் ஏறிக்கொண்டது. அதற்குள்ளேயே 'ஆட்டோரன்' என்ற ஃபோல்டரில் வைத்தால் இர்ஸ்ஸி தொடங்கும்போது தானாக ஏறிவிடும். ஆனால் எழுதிப் பழகும் ஸ்கிரிப்ட்டை ஆட்டோரனில் வைக்காதீர்கள். அதில் கோளாறு இருந்தால் செயலியைத் திறக்கும்போதே தலைவலி.

மெஷின் பெயர்களைக் கோடுக்குள் எழுதாமல் 'செட்டிங்ஸ் ஆட் எஸ்டிஆர்' வழியாக வைத்தது பிற்பாடு நான் செய்த புத்திசாலித்தனம். அப்படிச் செய்தால் ஸ்லாஷ் 'செட்' கொடுத்து ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம். ஸ்கிரிப்ட்டை மறுபடி லோட் செய்தால் மாறிகளில் வைத்ததெல்லாம் காற்றில் போய்விடும், செட்டிங்ஸ் போகாது.

முதல் இரவே ஒரு வேடிக்கை. தனி விண்டோவில் ஒரு வரி பாதியில் பச்சைப் பின்னணியோடு வந்து நின்றது. பாட் அனுப்பிய இணைப்பில் %20 என்று இருந்தது. இர்ஸ்ஸி அச்சிடும் வரிகளில் சதவீதக் குறி நிறத்துக்கான சங்கேதம். %2 என்றால் பச்சைப் பின்னணி. வெளியிலிருந்து வரும் எந்த எழுத்தையும் அச்சிடும் முன் ஒவ்வொரு %-ஐயும் இரண்டாக்கிவிட வேண்டும். ஒரே ஒரு சப்ஸ்டிட்யூஷன் வரி. இதில் எல்லோரும் ஒருமுறை விழுவார்கள், நீங்களும் விழுவீர்கள்.

இன்னொன்று: சேனலில் யாராவது "இன்று டியூட்டி யார்" என்று ஒரு குறிச்சொல் போட்டுக் கேட்டால் பதில் சொல்லும்படி எழுதினேன். என் திரையில் பதில் முதலில் வந்தது, கேள்வி அதன் கீழே வந்தது! மற்றவர்கள் திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. காரணம், இர்ஸ்ஸி அந்தக் கேள்வியை என் திரையில் எழுதும் முன்பே என் சப்ரூட்டீன் முந்திக்கொண்டது. 'சிக்னல் ஆட்' என்பதை 'சிக்னல் ஆட் லாஸ்ட்' என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. தானாகப் பதில் சொல்லும் ஸ்கிரிப்ட் எழுதினால் சாதாரணச் செய்தியாக அனுப்பாமல் நோட்டீஸாக அனுப்புங்கள். நோட்டீஸுக்குத் தானியங்கிப் பதில் அனுப்பக்கூடாது என்பது 1993-ல் வந்த ஐ.ஆர்.சி விதிமுறையிலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் இரண்டு பாட்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு விடிய விடியப் பேசும்.

சரி, படுத்திய கதைக்கு வருகிறேன்.

கொஞ்சம் தைரியம் வந்ததும், சேனலில் யாராவது இணைப்பு போட்டால் அந்தப் பக்கத்தின் தலைப்பைப் பிடித்துவந்து காட்டும் ஸ்கிரிப்ட் எழுதினேன். இணைப்பை ரெகெக்ஸால் பிடிப்பது: எச்.டி.டி.பி-யில் தொடங்கி, இடைவெளி வரும்வரை உள்ள எல்லாம். பிடித்ததை, பக்கத்தை இறக்கித் தரும் கர்ல் கட்டளையோடு ஒட்டவைத்து, வெளிக் கட்டளையை ஓட்டும் பேக்டிக் குறிகளுக்குள் போட்டு, வருவதில் தலைப்பைத் தேடுவது. இரண்டு நாள் அருமையாக ஓடியது. எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் என் இர்ஸ்ஸி உறைந்துவிட்டது. எதைத் தட்டினாலும் அசைவில்லை. இன்னொரு டெர்மினலில் பார்த்தால் மெமரி ஏறிக்கொண்டே போகிறது. பக்கத்து இருக்கை சீனியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, உன் ஸ்கிரிப்ட் ரொம்ப நல்ல பிள்ளை. யார் என்ன சொன்னாலும் கேக்குது."

அவர் சேனலில் போட்ட இணைப்பின் வாலில் ஓர் அரைப்புள்ளியும் 'எஸ்' (ஆம் என்பதற்கான ஆங்கிலச் சொல்) என்ற சொல்லும் இருந்தன. லினக்ஸில் 'எஸ்' என்று ஒரு கட்டளை உண்டு; நிறுத்தச் சொல்லும்வரை 'ஒய்' என்ற எழுத்தை வரிவரியாகக் கக்கிக்கொண்டே இருக்கும். இடைவெளி இல்லாததால் என் ரெகெக்ஸ் அதையும் இணைப்பின் பகுதி என்று அள்ளிக்கொண்டது. பேக்டிக் அதை அப்படியே, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லிடம் கொடுத்தது. ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் அடுத்த கட்டளை. அவர் நல்லவர், 'எஸ்' போட்டார். வேறு யாராவது என் ஹோம் டைரக்டரியையே துடைத்துப் போட்டிருக்கலாம்.

என் கணக்கின் அத்தனை உரிமையோடும் ஓடும் ஒரு நிரலுக்குள், சேனலில் இருக்கும் முகம் தெரியாத எவரும் எழுதும் எழுத்து நேராக வந்து விழுகிறது. நான் அதை "செய்தி" என்ற மாறியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து, வெளியிலிருந்து வந்த எழுத்து எதுவும் ஷெல் பக்கம் போகாதபடி எழுதுகிறேன். வெளி நிரலைக் கட்டாயம் அழைக்க வேண்டுமென்றால் பெர்லின் 'ஓப்பன்' அல்லது 'சிஸ்டம்' ஃபங்ஷனுக்குக் கட்டளையையும் அதன் வாதங்களையும் தனித்தனியாகப் பட்டியலாகக் கொடுங்கள். அப்போது ஷெல் இடையில் வராது, அரைப்புள்ளி வெறும் அரைப்புள்ளியாகவே இருக்கும்.

கர்லே வேண்டாம் என்று, பெர்லிலேயே பக்கத்தை இழுக்கும் எல்.டபிள்யூ.பி மாட்யூலுக்கு மாறினேன். பாதுகாப்புப் பிரச்சினை போனது. உறைவது போகவில்லை. யாரோ ஒரு மந்தமான தளத்தின் இணைப்பைப் போட, மறுபடி திரை கல்லானது. எல்.டபிள்யூ.பி தானாகக் காத்திருக்கும் நேரம் 180 வினாடி. மூன்று நிமிடம் இர்ஸ்ஸி எனக்கும் பதில் சொல்லாது, "உயிரோடு இருக்கிறாயா" என்று பிங் அனுப்பும் சர்வருக்கும் பதில் சொல்லாது. பொறுத்துப் பார்த்த சர்வர் என்னை வெளியே தள்ளிவிட்டது. முதலிலேயே சொன்னேனே, ஸ்கிரிப்ட் ஓடுவது செயலியின் ப்ராசஸுக்குள். அங்கே இருப்பது ஒரே ஓர் அடுப்பு. நம் பாத்திரம் அதில் இருக்கும்வரை வேறு எதுவும் வேகாது.

இதற்கு வழி ஃபோர்க், அதாவது ப்ராசஸை இரண்டாகப் பிரிப்பது. இரண்டுக்கும் இடையே செய்தி போக ஒரு பைப் திறந்து, ஃபோர்க் செய்து, குழந்தை ப்ராசஸ் பக்கத்தை இழுத்து வந்து தலைப்பைப் பைப்பில் எழுதும். தாய் ப்ராசஸ், அதாவது இர்ஸ்ஸி, 'இன்புட் ஆட்' மூலம் "இந்தப் பைப்பில் ஏதாவது வந்தால் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். இரண்டு நுணுக்கங்கள் உண்டு. குழந்தை வேலை முடிந்ததும் சாதாரண 'எக்ஸிட்' கூடாது, போசிக்ஸ் மாட்யூலில் அடிக்கோட்டோடு தொடங்கும் 'எக்ஸிட்' வேண்டும். இல்லாவிட்டால் போகும் போக்கில் டெர்மினலையும் கலைத்துவிட்டுப் போகும். குழந்தை முடிந்ததைக் கவனிக்க 'பிட்வெய்ட் ஆட்' என்று ஒன்று இருக்கிறது, அதையும் மறக்காதீர்கள். மறந்தால் செத்த ப்ராசஸ்கள் பட்டியலில் 'ஜாம்பி'யாக நிற்கும். குறித்த நேரத்தில் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் 'ஸ்லீப்' போடாதீர்கள், 'டைம்அவுட் ஆட்' இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் எண் மில்லி வினாடி. நான் வினாடி என்று நினைத்து 60 கொடுத்தது தனிக் கதை.

நீங்கள் தமிழில் அரட்டை அடிப்பவராக இருந்தால் இன்னொரு கண்ணியும் காத்திருக்கிறது. ஐ.ஆர்.சி-யில் ஒரு செய்தி, கடைசி இரண்டு பைட் வரிமுடிவு உட்பட, 512 பைட். முன்னால் ஒட்டும் நிக், முகவரி, சேனல் எல்லாம் அதற்குள்தான். நீண்ட வரியைத் துண்டுபோடும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, 400-க்கு ஒரு வெட்டு என்று வைத்தேன். தமிழ் வரிகளின் ஓரத்தில் கேள்விக்குறிகள் முளைத்தன. 'வணக்கம்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார்த்தேன்: 21 என்றது. யூ.டி.எஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஸ்கிரிப்ட்டின் கைக்கு வருவது வெறும் பைட்டுகள். என்கோட் மாட்யூலால் டிகோட் செய்துவிட்டுக் கேட்டேன்: 7. நம் கணக்கில் வ, ண, க், க, ம் என்று ஐந்துதானே? புள்ளிகளைத் தனியாக எண்ணுகிறது. இப்படிக் குறியீட்டுக் கணக்கில் வெட்டினாலும் சில நேரம் கொம்பும் காலும் அடுத்த வரிக்குப் போய், ஒட்ட எழுத்தில்லாமல் புள்ளிவட்டத்தோடு தொங்கும். பெர்ல் ரெகெக்ஸில் பின்சாய்வுக்கோடு போட்ட பெரிய 'எக்ஸ்' ஒன்று இருக்கிறது. அதுதான் முழு எழுத்தாகப் பிடிக்கிறது. அதைக் கொண்டு எண்ணினால் 5. முழு எழுத்தாக எடுத்து அடுக்கிக்கொண்டே போய், பைட் கணக்கு எல்லையைத் தொடும் முன் வெட்டுங்கள். எழுத்து எண்ணுவதில் பெர்லைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். இர்ஸ்ஸியின் ஸ்கிரிப்ட் களஞ்சியத்துக்குப் போய், உங்களுக்குப் பிடித்த சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எடுங்கள். 'ஹைலைட்வின்' நல்ல தொடக்கம். உங்கள் பெயர் வரும் வரிகளைத் தனி விண்டோவில் காட்டுவது, நான் செய்ததன் அண்ணன் முறை. திறந்து படியுங்கள், ஒரு வரியை மாற்றுங்கள், மறுபடி லோட் செய்யுங்கள். 'ட்ரிக்கர்' போன்ற பெரியவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் படித்துப் பழக முதலில் எடுக்காதீர்கள், மலைப்பு வந்துவிடும். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் ஸ்கிரிப்ட்டைப் படிக்காமல் லோட் செய்யாதீர்கள். ஏன் என்று 'எஸ்' கதையிலேயே தெரிந்திருக்கும்.

பெர்ல் வேண்டாம், பைத்தான்தான் வரும் என்றால் வீசாட் என்ற செயலியைப் பாருங்கள். அதில் இரண்டுமே எழுதலாம்.

அந்தத் தலைப்பு பிடிக்கும் ஸ்கிரிப்ட்டை இப்போது நான் லோட் செய்வதில்லை. இணைப்பைத் தட்டிப் பார்ப்பதே சுலபமாக இருக்கிறது. பதினெட்டு வரி ஸ்கிரிப்ட் மட்டும் ஆட்டோரனில் இருக்கிறது. ஆறு மெஷினில் இரண்டு ஓய்வு பெற்றுவிட்டன. செட்டிங்ஸில் அவற்றின் பெயரை இன்னும் எடுக்கவில்லை.