தினமும் பென்சிலின் சாப்பிடுகிறவருக்குப் பல் பிடுங்கும் முன் வேறு மருந்து எதற்கு?

கேள்வி: என் தங்கைக்கு வயது 34. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், மூன்று ஆண்டுகளுக்கு முன் செயற்கை வால்வு பொருத்தினார்கள். இன்றும் தினம் இரண்டு வேளை பென்சிலின் மாத்திரையும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறாள். இப்போது கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டும். பென்சிலினே போதும்தானே? இன்னொன்று: எங்கள் மாமாவுக்கு இதய நோயே கிடையாது. டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தபோது வால்வில் கிருமி பிடித்து இறந்துபோனார். ஒன்றும் இல்லாதவருக்கே இப்படி என்றால் தங்கையை நினைத்துப் பயமாக இருக்கிறது.

பதில்: போதாது. தங்கை சாப்பிடும் பென்சிலின், ருமாட்டிக் காய்ச்சலுக்குக் காரணமான தொண்டைக் கிருமி மறுபடி வராமல் தடுப்பதற்கானது. அந்தக் கிருமி பென்சிலினுக்கு எளிதில் மடிவதால் சிறிய அளவே போதும். பல் பிடுங்கும்போது ரத்தத்தில் கலப்பவை வாயில் வாழும் வேறு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள். அவை வால்வில் ஒட்டித் தொற்றை உண்டாக்கலாம். பென்சிலினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவரின் வாயில் அதற்கு அடங்காத கிருமிகள்தான் எஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம்.

செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு, பல் பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடங்கள் முன்பு வழக்கமாகத் தருவது 2 கிராம் அமாக்சிசிலின், ஒரே ஒரு தடவை. அதுவும் பென்சிலின் குடும்பம் என்பதால், தங்கையைப் போன்றவர்களுக்கு அசித்ரோமைசின் அல்லது டாக்சிசைக்ளின் போன்ற வேறு குடும்ப மருந்தைத் தேர்ந்தெடுப்போம். ஆகவே தங்கை தினமும் பென்சிலின் சாப்பிடுவதைப் பல் மருத்துவரிடமும் இதய மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்து என்பதை அவர்கள் எழுதித் தரட்டும். ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. செயற்கை வால்வில் ரத்தம் கட்டியாக உறைந்தால் உயிருக்கே ஆபத்து. ஓரிரு நாள் முன்பு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை) பார்த்து, அது உரிய அளவில் இருந்தால் மாத்திரையைத் தொடர்ந்தபடியே பெரும்பாலும் பல்லை எடுத்துவிடலாம்.

வால்வில் கோளாறு உள்ள எல்லோருக்கும் இந்த ஒரு வேளை மருந்து தேவையா என்று அடுத்துக் கேட்பார்கள். முன்பு எல்லோருக்கும் கொடுத்தோம். 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் அதைச் சுருக்கியது: செயற்கை வால்வு உள்ளவர்கள், ஒருமுறை வால்வுத் தொற்று வந்து பிழைத்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்கு மட்டும். வால்வு மாற்றாத ருமாட்டிக் நோயாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவு செய்வார். பட்டியல் சுருங்கியதற்கு நியாயமான காரணம் உண்டு. ஈறு கெட்டிருந்தால் பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூடத் தினமும் கிருமி ரத்தத்தில் கலக்கிறது. பல் பிடுங்கும் நாளின் ஒரு வேளை மருந்தைவிட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்ப்பது வால்வை நன்றாகக் காக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் மாமா. பழுதான வால்வில் ரத்தம் சீராக ஓடாமல் பீறிட்டு அடிக்கும். அந்த இடத்தின் மெல்லிய உள்ளுறை தேய்ந்து, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதமும் படியும். வலுவில்லாத வாய்க் கிருமிகூட அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தங்கையைப் போன்றவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற தோல் கிருமிக்கு அந்தத் தேய்மானம் தேவையில்லை. அதன் மேற்பரப்பில் உள்ள புரதங்கள் நல்ல வால்வையும் பற்றிக்கொள்ளும். டயாலிசிஸ் குழாய், ரத்தக் குழாயில் பல நாள் கிடக்கும் ஊசிக்குழாய், சர்க்கரை நோயாளியின் ஆறாத கால் புண், போதை ஊசி ஆகியவை அது நுழையும் முக்கிய வழிகள். வாய்க் கிருமி வாரக்கணக்கில் மெல்ல அரிக்கும். இந்தத் தோல் கிருமியோ சில நாட்களிலேயே வால்வைக் கிழித்துவிடும். இதய நோயே இல்லை என்று நம்பியிருந்தவர்கள் சிலருக்குத் தெரியாத கோளாறு இருப்பதும் உண்டு. நூறு பேரில் ஒருவர், இருவர் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டு இதழ்கள் கொண்ட அயோர்ட்டிக் வால்வோடு பிறக்கிறார்கள். பலருக்கு நடுவயது வரை அது தெரிவதில்லை. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வால்வில் சுண்ணம் படிவதும் சாதாரணம்.

நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தங்கைக்குக் காரணம் புரியாத காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலை இரண்டு நாள் அடக்கும். வால்வில் உள்ள கிருமி சாகாது. பிறகு ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் எதுவும் வளராது. எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்தைத் தேடித் தவிக்கும் நிலை நம் நாட்டில் அடிக்கடி வருவதற்கு இது முக்கியக் காரணம். முதல் ஆன்டிபயாடிக் உடலில் ஏறும் முன்பே, வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி மூன்று முறை ரத்தம் எடுக்க வேண்டும். ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவும் வேண்டும். செயற்கை வால்வின் நிழல் மறைப்பதால், உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ பெரும்பாலும் தேவைப்படும்.

காய்ச்சலோடு இரவு வியர்வை, எடை குறைதல், புதிதாக மூச்சுத் திணறல், திடீரென்று ஒரு கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே, இதய அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வால்வின் திசுவுக்குள் ரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமியை எட்டுவது கடினம். அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரம் ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றுகிறோம். அப்படியும் வால்வு சிதைந்து இதயம் திணறினாலோ, சீழ் கட்டினாலோ அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டோம்.

வால்வின் வகை, பொருத்திய தேதி, சாப்பிடும் மாத்திரைகள், கடைசி ஐ.என்.ஆர். அளவு ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதித் தங்கையின் பையில் வைத்துவிடுங்கள். பல் மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டட்டும்.