பின்தெருவில் பேட்டரி உருக்குகிறார்களா? முடியை வெட்டிக் கொடுக்காதீர்கள்

வட சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பின்தெருவில் ஒரு தகரக் கொட்டகையில் ராத்திரியானால் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் (காரீயம், ஆங்கிலத்தில் ‘லெட்’) உருக்குகிறார்களாம். நான்கு வயதுப் பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, அடிக்கடி வயிற்றுவலி. இதற்கிடையில் ஒருவர் வந்து, தலைமுடி கொடுங்கள், ‘ஹெவி மெட்டல் பேக்கேஜ்’ ரிப்போர்ட் தருகிறேன், ஏர் பியூரிஃபையரும் சலுகை விலையில் தருகிறேன் என்கிறாராம். செய்யலாமா?

வேண்டாம். முடிக்குள் ஏறிய ஈயம் எது, மேலே ஒட்டிய தூசி எது என்று அந்த டெஸ்டால் நம்பும்படி பிரித்துச் சொல்ல முடியாது, அதுவும் உங்கள் தெருவில்! உங்களுக்கு வேண்டியது ஒரே டெஸ்ட், கை நரம்பில் ரத்தம் எடுத்து ஈய அளவு பார்க்கும் ‘பிளட் லெட்’. விரல் நுனியில் குத்தி எடுப்பதும் சரிப்படாது, தோலில் இருக்கும் தூசியும் கணக்கில் சேர்ந்துவிடும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே வந்தால் நிம்மதி என்று அர்த்தமில்லை. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது, குழந்தைக்கு அடி விழுவது மூளை வளர்ச்சியில். வயிற்றுவலிக்குப் பூச்சிகூடக் காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் வயிற்றுவலி, ஈயக் கொட்டகை இரண்டையும் சொல்லுங்கள்.

பேக்கேஜ் ஆட்கள் சிறுநீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளும் பார்த்துப் பயமுறுத்துவார்கள். முந்தின நாள் வீட்டில் மீன் குழம்பா, இறாலா? அப்படியானால் ஆர்சனிக் எகிறித்தான் காட்டும். கடல் மீனில் இருப்பது பெரும்பாலும் உடம்பைக் கெடுக்காத வகை, தானாக வெளியே போய்விடும். மூன்று நான்கு நாள் மீனை நிறுத்திவிட்டுத்தான் அந்த டெஸ்டே எடுக்க வேண்டும். இதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அடுத்து ‘உலோகத்தை வெளியேற்றும் டிரிப்’ விற்க வேண்டுமே. பிள்ளைகளுக்கு அந்தச் சிகிச்சை ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமுக்குப் பக்கத்தில் போனால்தான், அதுவும் பெரிய ஆஸ்பத்திரியில். மருந்து மாறிப்போனால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து உயிரே போகும், போயிருக்கிறது.

சரி, பியூரிஃபையர்? காற்றில் மிதக்கும் நுண்துகளை நல்ல ஃபில்டர் பிடிக்கும்தான். ஆனால் ஈயத்தூசி தரையில், ஜன்னல் விளிம்பில், செருப்பில் படிகிறது, பையன் கையை வாயில் வைக்கிறான். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு கூடுதலாகக் குழந்தை உடம்பு இழுத்துக்கொள்ளும். அதனால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். ரத்தசோகை இருந்தால் சரிசெய்யுங்கள், இரும்புச்சத்து குறைந்த உடம்பில் ஈயம் இன்னும் ஏறும்.

போனில் காற்றுத் தரம் பச்சையாகக் காட்டுகிறதே என்று கேட்காதீர்கள். அந்தக் குறியீட்டின் 8 மாசுகளில் ஈயமும் ஒன்று, பெயருக்கு. காற்றை அளக்கும் தானியங்கி நிலையம் அதை அளப்பதில்லை, ஃபில்டர் தாளை லேபுக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும். பெட்ரோலில் ஈயத்தை 2000-லேயே நிறுத்திவிட்டோம், பழைய பேட்டரி பதிவுபெற்ற ஆலைக்குத்தான் போக வேண்டும் என்று 2022-ல் விதியும் போட்டாயிற்று. கையில் காசு கொடுக்கும் காயலான் கடைக்காரரிடம் அந்த விதி எங்கே நிற்கும்? புகார் கொடுக்கப் போனால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும். புகை வரும் நேரம், போட்டோ, இடம் எல்லாம் எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் கலெக்டருக்கும் ஒரே நாளில் கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கொட்டகையை மூடிவிட்டார்கள் என்றாலும் மண்ணில் விழுந்த ஈயம் அங்கேயே கிடக்கும். மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் தாக்கர் நகர் ஓரத்தில் 2007–08-ல் இதே தொழில் நடந்த பகுதியில் 18 குழந்தைகள் இறந்தார்கள், மண்ணும் தூசியுமே காரணம். பையனை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள். முதல் டெஸ்டில் 5-ஐத் தொட்டிருந்தால், மறு டெஸ்ட் எப்போது என்று டாக்டரிடம் கேட்டு அதே லேபிலேயே எடுங்கள்.